பருவுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக் ஜெல்: எதோடு சேர்த்து, எத்தனை நாள், யாருக்கு வேண்டாம்

பருவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு சின்ன ட்யூப். அதன் மேல் கிளின்டாமைசின் என்று எழுதியிருக்கும். சில கடைகளில் டாக்டர் சீட்டு கேட்பார்கள், பல கடைகளில் கேட்பதே இல்லை. முகத்தில் பூசுவதுதானே, மாத்திரையா விழுங்குகிறோம் என்று நாமும் வாங்கி வந்து, பரு இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்து, அடங்கியதும் மூடி வைத்து, மறுபடி கிளம்பியதும் திறந்து, இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், இன்றைக்குத்தான் முதல் ட்யூபை வாங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இது ஆன்டிபயாட்டிக். இதைத் தனியாகப் போடக்கூடாது, முடிவு தேதி இல்லாமல் போடக்கூடாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

முதலில் பரு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், அது புரியாமல் மருந்து புரியாது. தோலில் இருக்கும் மயிர்க்கால் ஒவ்வொன்றோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடலைப் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது, ஆணோ பெண்ணோ, அந்தச் சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. அதே சமயம் துளையின் உள்சுவரில் உதிர்ந்து வெளியே போக வேண்டிய செல்கள் போகாமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடியிருந்தால் மேலே சின்ன வெள்ளை முனை தெரியும், திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, எத்தனை தேய்த்தாலும் போகாது. அடைபட்ட துளைக்குள் எண்ணெய் நிறைய, காற்று குறைவு. கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 2016 வரை இதை புரோப்பியோனிபாக்டீரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், பழைய புத்தகங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். இது பரு இல்லாதவர் தோலிலும் இருக்கிறது, யாரிடமிருந்தும் நமக்குத் தொற்றிக்கொண்டதில்லை. அடைபட்ட இடத்தில் அது பெருகும்போது உடம்பின் எதிர்ப்பு சக்தி சண்டைக்கு வருகிறது, அதனால்தான் சிவப்பும் வீக்கமும் வலியும் சீழும்.

ஆக எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என்று நான்கு விஷயம். ஆன்டிபயாட்டிக் ஜெல் இதில் கடைசி இரண்டை மட்டும்தான் தொடுகிறது. எண்ணெய் சுரப்பதை அது குறைக்காது, அடைப்பைத் திறக்காது. அதனால் சிவந்து வீங்கிய பருவுக்கு இது கேட்கும். கரும்புள்ளியும் வெண்முனையும் மட்டுமே இருக்கிற முகத்துக்கு இதைப் பூசுவதில் ஒரு பயனும் இல்லை. பாதிப் பேர் தப்பான ட்யூபை வைத்துக்கொண்டு காத்திருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, என்னென்ன மருந்துகள்? அதிகம் புழங்குவது கிளின்டாமைசின் 1 சதவீத ஜெல். ட்யூபில் கிளின்டாமைசின் பாஸ்பேட் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான், பாஸ்பேட் வடிவம் தோலில் பிரிந்து கிளின்டாமைசினாக மாறி வேலை செய்கிறது. தண்ணியாக லோஷன், சொல்யூஷன் வடிவிலும் வரும், சொல்யூஷனில் ஆல்கஹால் இருப்பதால் கொஞ்சம் எரியும். எரித்ரோமைசின் பழைய ஆள், அதற்கு அடங்காத பாக்டீரியா இப்போது பரவலாக இருப்பதால் மதிப்பு குறைந்துவிட்டது. நம் ஊரில் நாடிஃப்ளாக்சசின் 1 சதவீத கிரீமும் எழுதிக் கொடுக்கிறார்கள், மினோசைக்ளின் ஜெல்லும் உண்டு. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் கிளின்டாமைசினை வைத்தே பேசுகிறேன், மற்றவற்றுக்கும் அடிப்படை விதிகள் இவைதான்.

கிளின்டாமைசின் எப்படி வேலை செய்கிறது என்றால், பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோம் என்ற பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு அந்தத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. புரதம் இல்லாமல் பாக்டீரியா பெருக முடியாது. கூடவே அழற்சியையும் கொஞ்சம் தணிக்கிறது. ஆனால் ஒட்டுகிற அந்த இடத்தில் பாக்டீரியாவின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் வந்துவிட்டால் போதும், மருந்து ஒட்டாது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் அப்படி மாறிய ஒன்றிரண்டு எப்போதுமே இருக்கும். தினமும் மருந்து போட்டு மற்றவற்றை ஒழித்துக்கொண்டே இருந்தால் மிஞ்சுவது அந்த ஒன்றிரண்டும் அதன் வாரிசுகளும்தான். முதல் மாதம் அருமையாகக் கேட்ட மருந்து ஆறாவது மாதம் கேட்காமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று நாம் சொல்வோம், பழகியது உடம்பு இல்லை, பாக்டீரியா.

இது ஏதோ ஏட்டில் மட்டும் இருக்கிற பயம் இல்லை. 1970களின் நடுவில் பரு உள்ளவர்களின் தோலில் தேடிப் பார்த்தபோது இந்த மருந்துகளுக்கு அடங்காத ஆக்னெஸ் பாக்டீரியா கண்ணில் படவில்லை. பூசும் ஆன்டிபயாட்டிக்குகள் புழக்கத்துக்கு வந்து சில வருடங்களிலேயே, 1979-இல், எரித்ரோமைசினும் கிளின்டாமைசினும் பூசிக்கொண்டிருந்தவர்களிடம் அடங்காத வகை இருப்பதாக அமெரிக்காவிலிருந்து தகவல் வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஏறுமுகம்தான். எரித்ரோமைசினும் கிளின்டாமைசினும் ரைபோசோமில் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒட்டுகின்றன என்பதால் ஒன்றுக்கு அடங்காதது பெரும்பாலும் இன்னொன்றுக்கும் அடங்குவதில்லை. அதனால் ஒன்று கேட்கவில்லை என்று மற்றதுக்கு மாறுவதில் அர்த்தம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம், ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும்.

விஷயம் பருவோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை என்று விடலாம், முடிவதில்லை. நம் தோலிலும் மூக்கிலும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. முகத்தில் பூசுகிற கிளின்டாமைசின் அவற்றின் மேலும் படுகிறது, அவையும் அடங்காதவையாக மாறுகின்றன, அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருக்கிற மற்ற பாக்டீரியாக்களுக்குக் கைமாற்றவும் அவற்றால் முடியும். பருவுக்கு ஆன்டிபயாட்டிக் போடுகிறவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களின் தோலிலும் அடங்காத பாக்டீரியாக்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. இதே கிளின்டாமைசின்தான் பெரிய சீழ்க்கட்டிக்கும், எலும்பில் வரும் தொற்றுக்கும், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மருத்துவமனையில் ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கப்படுகிறது. வீட்டில் தாத்தாவுக்குக் காலில் புண் வந்து தொற்று ஏறும் நாளில் அந்த மருந்து வேலை செய்ய வேண்டும். பேரன் முகத்துக்குப் போடும் ஜெல்லில் இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இதற்கு வழி ரொம்ப எளிமையானது, விலையும் அதிகமில்லை. பென்சாயில் பெராக்சைடு. இது ஆன்டிபயாட்டிக் இல்லை. தோலில் பட்டதும் ஆக்சிஜனைக் கிளப்பிவிட்டு பாக்டீரியாவை நேரடியாகச் சிதைக்கிறது. குறிப்பிட்ட ஒரு இடத்தில் ஒட்டி வேலை செய்யாததால் பாக்டீரியாவால் ஒரு சின்ன மாற்றத்தை வைத்துத் தப்பிக்க முடியவில்லை. இத்தனை வருடப் புழக்கத்திலும் ஆக்னெஸ் பாக்டீரியா இதற்கு அடங்காமல் மாறியதாகத் தெரியவில்லை. அடைப்பையும் கொஞ்சம் இளக்குகிறது. கிளின்டாமைசினோடு இதைச் சேர்த்துப் போட்டால் கிளின்டாமைசினுக்குத் தப்பியதை இது பிடித்துவிடும், பருவும் தனித்தனியாகப் போடுவதைவிட வேகமாக அடங்கும். இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுத்துக் கொடுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பரு வழிகாட்டுதலும், அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் பூசும் ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன.

பென்சாயில் பெராக்சைடு 2.5, 5, 10 என்று பல அளவில் கிடைக்கிறது. 10 தான் பலமாக இருக்கும் என்று வாங்காதீர்கள். வீங்கிய பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதமே பெரிய அளவுகளுக்கு ஈடு கொடுக்கிறது, எரிச்சலும் தோல் உரிவதும் குறைவு. முகத்தில் வைத்திருக்கும் ஜெல்லாகவும் உண்டு, பூசிச் சில நிமிடம் விட்டுக் கழுவும் ஃபேஸ்வாஷாகவும் உண்டு. சட்டென்று சிவந்துபோகும் தோல் என்றால் கழுவும் வகையில் ஆரம்பிக்கலாம். இன்னொன்று, இது துணியை வெளுக்கும். கலர் துண்டு, தலையணை உறை, பள்ளிச் சட்டையின் காலர் எல்லாவற்றிலும் வெளிறிய திட்டு விழும், துவைத்தாலும் திரும்பாது. புருவத்திலும் முடியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துண்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் வீட்டில் பாட்டு வாங்க வேண்டாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் ட்யூபைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துகளின் பெயரைப் படியுங்கள். நம் சந்தையில் ரொம்பப் புழங்குகிற ஒரு கலவை கிளின்டாமைசினும் நிகோடினமைடும். நிகோடினமைடு நல்ல பொருள்தான், அழற்சியைத் தணிக்கும், ஆனால் அது பென்சாயில் பெராக்சைடு செய்யும் காவல் வேலையைச் செய்யாது. இரண்டு மருந்து இருக்கிறதே, தனியாகப் போடவில்லையே என்று நினைத்து ஏமாறக்கூடாது. இன்னொரு கலவை கிளின்டாமைசினும் அடாபலீனும். அடாபலீன் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது, அடைப்பைத் திறப்பது அதன் வேலை, பருவின் வேரில் கை வைக்கும் மருந்து என்றால் அதுதான். அந்த ட்யூப் வைத்திருப்பவர்கள் காலையில் பென்சாயில் பெராக்சைடு ஃபேஸ்வாஷ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கிளின்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே ட்யூபில் வருவது. கிளின்டாமைசின், அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு மூன்றையும் ஒன்றாக்கிய ஜெல்லுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அடாபலீன் போலவே வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாய்ன் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் ஒரு கவனம்: பழைய வகை ட்ரெட்டினாய்னை பென்சாயில் பெராக்சைடு கெடுத்துவிடும், ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போட வேண்டும். அடாபலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய காரணம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மோமெட்டசோன், இந்த மூன்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பருவுக்கும், கருமைக்கும், வெள்ளையாவதற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தும் இந்த கிரீம்கள் முகத்துக்கு வந்து சேர்கின்றன. போட்ட சில நாளில் சிவப்பு போய் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து, முகத்தில் முடி முளைத்து, ஸ்டீராய்டினாலேயே புதுப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும், அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே தனிக் குழு வைத்து வருடக்கணக்காகப் போராடி வருகிறார்கள். உங்கள் ட்யூபில் இந்தப் பெயர் இருந்து, ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருந்தால், பயந்து ஒரே நாளில் தூக்கிப் போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டி நிறுத்தும் வழியைக் கேளுங்கள்.

அடுத்து பூசும் முறை. முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் நன்றாகக் காயும்வரை சில நிமிடம் விடுங்கள். ஈரத் தோலில் அடாபலீனோ பென்சாயில் பெராக்சைடோ போட்டால் எரிச்சல் கூடும். முதல்முறை என்றால் தாடை ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். அளவு ரொம்பக் குறைவுதான், ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும், முகம் முழுக்க மெல்லிசாகப் பூச அதுவே போதும். அடாபலீன் கலந்தது என்றால் பட்டாணி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது எல்லோரும் செய்வது, அதில் நாளைக்கு வரப்போகும் பரு தப்பித்துவிடுகிறது. இன்றைக்கு வெளியே தெரியும் பரு உள்ளே பல நாள் முன்பே ஆரம்பித்தது என்பதால் பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். கண், உதடு, மூக்கின் உள்பக்கம், வெட்டுக்காயம் இவற்றில் படக்கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நிறையக் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் கையைக் கழுவ மறக்க வேண்டாம்.

தினம் ஒரு முறையா இரண்டு முறையா என்பது தயாரிப்பைப் பொறுத்தது, சீட்டில் எழுதியபடி போடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு வழக்கம்போலப் போட்டால் போதும், சேர்த்து இரட்டிப்பாக அப்ப வேண்டாம். மருந்து காய்ந்ததும் துளையை அடைக்காத வகை மாய்ச்சரைசர் போடுங்கள். எண்ணெய் வடியும் முகத்துக்கு அது எதற்கு என்று நினைப்பீர்கள், ஆனால் பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் தோலை உலர்த்தும், அது பொறுக்க முடியாமல்தான் பலர் இரண்டாவது வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ரொம்ப வறண்டால் ஒன்று விட்டு ஒரு நாள் என்று குறைத்துக்கொள்ளலாம். பகலில் வெயிலில் போகிறவர்களுக்கு சன்ஸ்கிரீன் அவசியம். மருந்து போடும் காலத்தில் எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், சொரசொரப்பான ஸ்க்ரப் எதையும் அதே முகத்தில் போடாதீர்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் இருந்தால் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நெற்றியிலும் முடி ஓரத்திலும் மட்டும் பொடிப் பொடியாக வருவதற்கு அது காரணமாக இருக்கும்.

ட்யூபை ஜன்னல் ஓரத்திலும் பைக் பெட்டியிலும் வைக்காதீர்கள். கிளின்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் ஒன்றாக இருக்கும் கலவை 25 டிகிரிக்கு மேல் சீக்கிரம் வீரியம் இழக்கும், நம் ஊர் சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே அதைவிட அதிகம். குளிர்ந்த இடம் என்று அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி வையுங்கள், திறந்த பிறகு எத்தனை வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

எத்தனை நாளில் தெரியும்? நாலு முதல் ஆறு வாரத்தில் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஒரு வாரத்தில் கல்யாணம் என்று வருகிறவர்களுக்கு இந்த ஜெல்லால் எதுவும் செய்ய முடியாது. பொறுமை ஒரு பக்கம், எல்லை இன்னொரு பக்கம்: 12 வாரம் ஆனதும் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். நன்றாகக் குறைந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு, மறுபடி வராமல் இருக்க அடாபலீனையோ பென்சாயில் பெராக்சைடையோ மட்டும் தொடரலாம், இரண்டும் ஆன்டிபயாட்டிக் இல்லை என்பதால் நீண்ட நாள் போடலாம். குறையவே இல்லை என்றால் அதே ட்யூபை இன்னொரு மூன்று மாதம் போடுவதில் பயன் இல்லை, சிகிச்சையை மாற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக் உள்ள பரு மருந்தை ஆறு மாதத்துக்கு மேல் இழுப்பது அபூர்வமான நிலைமைகளில் மட்டும்தான் என்கிறது நைஸ் வழிகாட்டுதல்.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு விதியும் உண்டு, நம் ஊரில் அடிக்கடி மீறப்படுவது. டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பருவுக்குச் சாப்பிடும்போது கூடவே ஆன்டிபயாட்டிக் ஜெல் பூசக்கூடாது. ஒன்றுக்கு இரண்டு என்று பலன் கூடாது, அடங்காத பாக்டீரியாதான் கூடும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் பூசுவது பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனுமாக இருக்க வேண்டும். ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்க, இன்னொருவர் கொடுத்த பழைய ஜெல் வீட்டில் இருந்தால் இந்தத் தப்பு தானாக நடந்துவிடும், அதனால் போட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

யாருக்கு இந்த ஜெல் கூடாது என்பது முக்கியம். கிளின்டாமைசினோ அதே குடும்பத்து லின்கோமைசினோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கூடாது. பெருங்குடல் புண், கிரோன் நோய் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களும், முன்பு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தவர்களும் கிளின்டாமைசின் ஜெல்லைத் தவிர்க்க வேண்டும். முகத்தில் பூசுவது குடலுக்கு எப்படிப் போகும் என்றால், தோல் வழியாகக் கொஞ்சம் ரத்தத்துக்குள் போகத்தான் செய்கிறது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா கை ஓங்கினால் வயிற்றுப்போக்கு வரும். ஜெல்லால் இது வருவது ரொம்ப அபூர்வம், ஆனால் வந்தால் விளையாட்டு இல்லை. தண்ணியாகப் பல முறை போவது, வயிற்றைப் பிடித்து முறுக்குவது, ரத்தம் கலந்து போவது, இவற்றில் எது வந்தாலும் ஜெல்லை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட வரலாம் என்பதால் ஜெல் போட்டதை மறக்காமல் சொல்லுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக்கூடாது, அது நிலைமையை மோசமாக்கும். பூசியதும் உதடோ கண் இமையோ வீங்குவது, மூச்சு இறுக்குவது, உடம்பெல்லாம் தடிப்பது என்றால் அலர்ஜி. உடனே மருத்துவமனை. பென்சாயில் பெராக்சைடாலும் இப்படி அபூர்வமாக நடக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் எச்சரித்திருக்கிறது.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் அடாபலீன், ட்ரெட்டினாய்ன் உள்ள எதையும் போடக்கூடாது. கிளின்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் பொதுவாகப் பரவாயில்லை என்பார்கள், ஆனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். பால் கொடுக்கும் தாய்மார் மார்புப் பக்கம் பூச வேண்டாம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறதா என்று கவனியுங்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தசைகளைத் தளர்த்தும் மருந்துகளின் வேகத்தை கிளின்டாமைசின் கூட்டக்கூடும்.

சில சமயம் பிரச்சினை மருந்தில் இல்லை, அது பருவே இல்லை. நெற்றி, முதுகு, மார்பு, தோள்பட்டையில் எல்லாம் ஒரே அளவில் பொடிப் பொடியாக, முக்கியமாக நன்றாக அரிக்கிற மாதிரி வந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் தொல்லையாக இருக்கலாம். வியர்வையும் புழுக்கமும் உள்ள நம் ஊரில் இது சகஜம். இதற்கு ஆன்டிபயாட்டிக் பூசினால் போட்டிக்கு இருந்த பாக்டீரியா ஒழிந்து பூஞ்சை இன்னும் வளரும். பருவுக்கு மருந்து போடப் போட அதிகமாகிறது, அரிக்கவும் செய்கிறது என்றால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் வளர்ந்து, தாடையைச் சுற்றிப் பரு வருகிற பெண்களுக்கு ஹார்மோன் சோதனை தேவைப்படலாம், ஜெல் மட்டும் போதாது. காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அதனால் பரு மாதிரி வரும். அந்த மாத்திரைகளைப் பருவுக்குப் பயந்து நிறுத்தவே கூடாது, டாக்டரிடம் சொன்னால் போதும். ஆழமாகக் கட்டி கட்டியாக, தொட்டால் வலித்து, குழி விழும் பரு என்றால் எந்த ஜெல்லோடும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விழுந்த குழியைச் சரிசெய்வது பருவைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கஷ்டமும் செலவும். அதற்கு ஐசோட்ரெட்டினாய்ன் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் தோல் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்.

பரு போன பிறகு நிற்கும் கருந்திட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஜெல்லை நிறுத்தாமல் இழுப்பதற்குப் பாதிக் காரணம் அந்தத் திட்டுதான். நம் நிறத் தோலில் அழற்சி வந்த இடம் கறுத்துப்போவது இயல்பு. அது பரு இல்லை, அதில் பாக்டீரியா இல்லை, அதன் மேல் கிளின்டாமைசின் பூசுவது வீண். கிள்ளாமல் இருந்து, சன்ஸ்கிரீன் போட்டுவந்தால் மாதங்களில் தானாக மங்கும், அடாபலீன் அதற்கும் கொஞ்சம் உதவும்.

12 வாரம் முடிந்து நிறுத்தியபின் ட்யூபில் மருந்து மிச்சம் இருக்கும். ஹாஸ்டல் நண்பருக்கோ தம்பிக்கோ கொடுக்காதீர்கள், அவர் பரு என்ன வகை, அவர் குடல் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. பின்னாளில் ஒரு பரு வந்தால் ஆகும் என்று பீரோவில் எடுத்தும் வைக்காதீர்கள். ஒற்றைப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போதும். மறுபடி நிறையக் கிளம்பினால் டாக்டரிடம் போய் முன்பு எதை, எத்தனை வாரம் போட்டீர்கள், எவ்வளவு கேட்டது என்று சொல்லுங்கள். நல்லபடி கேட்டிருந்தால் அதையே பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து இன்னொரு 12 வாரம் எழுதிக் கொடுப்பார், இல்லையென்றால் வேறு வழி பார்ப்பார். பழைய ட்யூபின் அட்டையை போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கு மருந்தின் பெயரைத் தேட வேண்டியிருக்காது.